கிராபிக்ஸ் அழைப்புகளைப் பதிந்து, மறுபடி ஓட்டி, பிழை பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

ஒரு 3டி நிரல். காட்சியில் புகை எழத் தொடங்கியதும் தரையிலும் சுவரிலும் ஓட்டைகள் விழுகின்றன. கேமரா அசையாமல் இருந்தால் ஒன்றும் தெரிவதில்லை; அசைந்தால் ஓட்டை, அசைவை நிறுத்தினாலும் அது போவதில்லை. புகை அடங்கியதும் எல்லாம் பழையபடி சரியாகிவிடுகிறது. டீபகரை மாட்டி நிறுத்திப் பார்த்தால் சி++ மாறிகள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. இருக்கத்தான் செய்யும். தப்பு அந்த மாறிகளில் இல்லை. நிரல் ஒவ்வொரு பிரேமிலும் (திரைக்கு வரும் ஒவ்வொரு படத்திலும்) ஜிபியு டிரைவருக்கு, அதாவது வரைகலைச் சிப்பை இயக்கும் மென்பொருளுக்கு, சொல்லும் ஆயிரக்கணக்கான கட்டளைகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது.

அந்தக் கட்டளைகள் அத்தனையையும், அவற்றோடு போன தரவையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நிரலே வேண்டாம். கோப்பை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும், பெரும்பாலும் வேறு கணினியிலும்கூட ஓட்டிப் பார்க்கலாம். இப்படிப் பதிந்த கோப்பு ட்ரேஸ், அதை ஓட்டுவது ரீப்ளே. பலர் இதை டிரைவர் எழுதுகிறவர்களின் வேலை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கிராபிக்ஸ் நிரல் எழுதும் யாரும் ஷேடரில் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்) நிறம் மாற்றி மாற்றிச் சோதிப்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். காரணம் ஒன்றுதான்: தப்பு நிரலிலா, டிரைவரிலா, அல்லது இரண்டும் சந்திக்கும் நேரக் கணக்கிலா என்ற கேள்விக்கு வேறு எந்த முறையும் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வதில்லை.

மேலே சொன்ன புகைப் பிழையையே எடுத்துக்கொண்டு, லினக்ஸில் ஓபன்ஜிஎல் (ஜிபியுவுக்குக் கட்டளை கொடுக்கும் இடைமுகம்) நிரலுக்கு ஏபிஐட்ரேஸ் கருவியால் படிப்படியாகப் போவோம். அதற்குப் பின் வந்த வல்கன் இடைமுகத்தின் பக்கம் கடைசியில் வருகிறேன். டெர்மினல் கட்டளைகளையும், அழைப்புகளின் (நிரல் டிரைவருக்குச் சொல்லும் கட்டளைகளின்) பெயர்களையும் இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகள்தான்.

கருவி உள்ளே என்ன செய்கிறது

ஏபிஐட்ரேஸைத் தொடங்கியவர் ஹோசே ஃபொன்சேகா. மெசா என்ற திறந்தமூல டிரைவர் தொகுப்பின் மென்பொருள் ரெண்டரரான (ஜிபியு இல்லாமல் சிபியுவிலேயே வரையும் நிரல்) எல்எல்விஎம்பைப்பிலும் அவருடைய கை உண்டு. கருவி எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. ஓபன்ஜிஎல், ஓபன்ஜிஎல் இஎஸ் இரண்டையும் பதியும். விண்டோஸில் டைரக்ட்3டியின் 11 வரையிலான பதிப்புகளையும் பதியும். வல்கன் அதற்குத் தெரியாது.

லினக்ஸில் ஒரு நிரல் ஓபன்ஜிஎல் அழைப்பு ஒன்றைச் செய்யும்போது, அது பகிர்வு நூலகத்தில் உள்ள ஃபங்ஷனுக்குப் போகிறது. ஏபிஐட்ரேஸ் அதே பெயர்களில் தன் ஃபங்ஷன்களை வைத்திருக்கும் ஒரு நூலகத்தை எல்டி ப்ரீலோட் என்ற சூழல் மாறி மூலம் முன்னதாக ஏற்றிவிடுகிறது. அழைப்பு முதலில் இங்கே வரும். பெயர், அளபுருக்கள், சுட்டி காட்டும் நினைவகத்தில் இருக்கும் பைட்கள் எல்லாம் கோப்பில் எழுதப்படும். பிறகுதான் உண்மையான டிரைவருக்குப் போகும். விண்டோஸில் போலி டிஎல்எல் ஒன்றை நிரலின் அடைவிலேயே வைத்து இதே காரியத்தைச் சாதிக்கலாம்.

ரீப்ளே என்பது வரிசையாகத் திருப்பிச் சொல்வது மட்டும் அல்ல. பதியும்போது டிரைவர் ஒரு டெக்ஸ்ச்சருக்கு (பரப்பின் மேல் ஒட்டும் படம்) 7 என்று எண் கொடுத்திருக்கும். ஓட்டும்போது இன்னொரு டிரைவர் 3 என்று கொடுக்கலாம். யூனிஃபார்ம் (ஷேடருக்கு நிரல் தரும் மதிப்பு) இருப்பிடங்களும் அப்படியே. இவற்றையெல்லாம் ரீப்ளே நிரல் பழையது, புதியது என்று பட்டியல் வைத்து மாற்றிக்கொள்கிறது. இன்னொன்று: பல த்ரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடும் நிரலின் கிளைகள்) இருந்து வந்த அழைப்புகளை அது பதிந்த வரிசையிலேயே, ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் ஓட்டும். இதை நினைவில் வையுங்கள், மூன்றாம் படியில் தேவைப்படும்.

1. பதிவதற்கு முன் நிரலைத் தயார் செய்யுங்கள்

ஒரு பிரேமில் சில ஆயிரம் அழைப்புகள் இருப்பது சாதாரணம். பெயரே இல்லாமல் அவற்றில் தேடுவது கொடுமை. ஜிஎல்புஷ்டீபக்குரூப், ஜிஎல்பாப்டீபக்குரூப் என்ற இரண்டு அழைப்புகள் இருக்கின்றன; "நிழல்", "தரை", "புகை" என்று ஒவ்வொரு கட்டத்தையும் அவற்றால் சுற்றிவிடுங்கள். முக்கியமான டெக்ஸ்ச்சர்களுக்கும் பஃபர்களுக்கும் (தரவு வைக்கும் நினைவகப் பகுதிகள்) ஜிஎல்ஆப்ஜெக்ட்லேபலால் பெயர் வையுங்கள். ஓபன்ஜிஎல் 4.3 முதல் இவை தரத்திலேயே உள்ளன. பழைய பதிப்புகளில் கேஎச்ஆர் டீபக் நீட்சி (தரத்துக்கு மேல் டிரைவர் தரும் கூடுதல் வசதி) வழியாகக் கிடைக்கும். அரை மணி நேர வேலை.

அடுத்து, பிழையை வரவைக்கும் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடியுங்கள். ட்ரேஸ் கோப்பில் டெக்ஸ்ச்சர் தரவு முழுவதும் சேர்வதால், சில நிமிடம் விளையாடினாலே கிகாபைட் கணக்கில் போய்விடும். நிரல் திறந்ததும் நேராகப் புகைக் காட்சிக்குப் போகுமாறு ஒரு குறுக்கு வழி வைத்துவிட்டால் கோப்பும் சிறிதாகும், பின்னால் ஒவ்வொரு ரீப்ளேயும் வேகமாகும்.

2. பதிவு

டெர்மினலில் "ஏபிஐட்ரேஸ் ட்ரேஸ்" என்று தட்டி, அதன் பின்னால் உங்கள் நிரலின் பெயரையும் அளபுருக்களையும் கொடுத்தால் போதும். நிரல் வழக்கம்போல் திறக்கும், கொஞ்சம் மெதுவாக. பிழையை வரவைத்துவிட்டு மூடுங்கள். நிரலின் பெயரோடு ட்ரேஸ் என்ற நீட்டிப்பு கொண்ட கோப்பு, நீங்கள் இருக்கும் அடைவில் கிடைக்கும். வேறு இடத்தில் வேண்டுமென்றால் அவுட்புட் தெரிவைப் பயன்படுத்துங்கள்.

கோப்பே வரவில்லையா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். உங்கள் நிரல் ஜிஎல்எக்ஸுக்குப் பதிலாக ஈஜிஎல் வழியாக (ஓபன்ஜிஎல்லைத் திரையோடு இணைக்கும் இரண்டு வழிகள் இவை) திரையைத் திறக்கிறது. வேலண்ட் என்ற திரை அமைப்பில் நேரடியாக ஓடும் நிரல்கள் அப்படித்தான். அப்போது ஏபிஐ தெரிவில் ஈஜிஎல் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் நிரல் 32 பிட், உங்களிடம் இருக்கும் ஏபிஐட்ரேஸ் 64 பிட். இரண்டும் பொருந்தினால்தான் நூலகம் ஏறும். அதுவும் இல்லையென்றால் நீங்கள் ஓட்டுவது நிரல் அல்ல, நிரலைத் தொடங்கும் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட். சூழல் மாறிகளை அது நடுவில் துடைத்துவிடுகிறது. செட்யுஐடி பிட் போட்ட (உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்) நிரல்களிலும் எல்டி ப்ரீலோட் வேலை செய்யாது, பாதுகாப்புக்காக லினக்ஸ் அதை மதிப்பதில்லை.

3. அதே கணினியில் ஒருமுறை, மென்பொருள் ரெண்டரரில் ஒருமுறை

எதையும் திறந்து பார்க்கும் முன் "ஏபிஐட்ரேஸ் ரீப்ளே" என்று தட்டி, பதிந்த கோப்பைப் பதிந்த கணினியிலேயே ஓட்டுங்கள். கடைசிப் பிரேமில் திரை மூடாமல் நிற்க டபிள்யூ தெரிவு உதவும். ஓட்டும்போதே டெர்மினலைக் கவனியுங்கள்: ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் பிழைக் குறியீடு இருக்கிறதா என்று ரீப்ளே பார்க்கிறது, இருந்தால் அழைப்பின் எண்ணோடு சொல்கிறது. உங்கள் நிரலில் ஜிஎல்கெட்எரரைச் சரிபார்க்காமல் விட்ட இடங்கள் எல்லாம் இங்கே வெளிச்சத்துக்கு வரும். பாதிப் பிழைகள் இதிலேயே முடிந்துவிடும்.

நிரலில் தெரிந்த ஓட்டை ரீப்ளேயிலும் தெரிந்தால் நல்ல செய்தி. பிழை கோப்புக்குள் மாட்டிக்கொண்டது.

தெரியாவிட்டாலும் பயனுள்ள செய்திதான், சோர்ந்துவிட வேண்டாம். அழைப்புகள் சரி, ஆனால் அவை போய்ச் சேர்ந்த விதத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். ரீப்ளே எல்லாவற்றையும் ஒற்றை வரிசையில் ஓட்டுகிறது என்று சொன்னேன் அல்லவா? இரண்டு த்ரெட்கள் ஒரே டெக்ஸ்ச்சரை முந்திக்கொண்டு தொடும் வகைப் பிழை அங்கே காணாமல் போய்விடும். சிபியு எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜிபியு படிப்பதும் அப்படித்தான். ஓபன்ஜிஎல் 4.4இல் வந்த நிரந்தர மேப்பிங் இங்கே தனித் தலைவலி: பஃபரை ஒருமுறை மேப் செய்துவிட்டு (நிரல் நேரடியாக எழுதுமாறு திறந்துவிட்டு) நிரல் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டே இருக்கும், எந்த அழைப்பும் நடக்காது. அழைப்புகளைப் பதியும் கருவி இந்த எழுத்துகளைப் பிடிக்க நினைவகப் பக்கங்களுக்குக் காவல் போடுவது, நகல் வைத்து ஒப்பிடுவது போன்ற வித்தைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் நிரந்தர மேப்பிங்கை நிறுத்திவிட்டு, சாதாரண பஃபர் அழைப்புகளோடு மறுபடி பதிந்து பாருங்கள்.

இரண்டாவது ஓட்டம் மென்பொருள் ரெண்டரரில். மெசா இருக்கும் கணினியில் லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர் என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்து அதே ரீப்ளேயை ஓட்டினால், ஜிபியு ஒதுங்கிக்கொள்ளும், எல்எல்விஎம்பைப் சிபியுவிலேயே வரையும். ஆமை வேகம்தான், ஆனால் ஓபன்ஜிஎல் 4.5 வரை ஆதரவு இருக்கிறது.

இங்கேயும் ஓட்டை வந்தால், இரண்டு வெவ்வேறு டிரைவர்கள் ஒரே தப்பைச் செய்ய வாய்ப்பு குறைவு; நிரல் சொன்னதே தப்பு என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். வராவிட்டால்? உடனே டிரைவர்காரர்களைத் திட்டிக் கடிதம் எழுதிவிடாதீர்கள். தரம் வரையறுக்காத ஒன்றை உங்கள் நிரல் நம்பியிருக்கலாம்: எழுதாத டெக்ஸ்ச்சரைப் படிப்பது, ஷேடரில் மதிப்புக் கொடுக்காத மாறி, இப்படி. ஒரு டிரைவரில் தற்செயலாகச் சுழியம் கிடைக்கும், இன்னொன்றில் குப்பை கிடைக்கும்.

நம் புகைப் பிழை இரண்டிலும் அச்சாக ஒரே மாதிரி வந்தது என்று வைத்துக்கொள்வோம். தப்பு நிரலில்.

4. பிரேமைக் கண்டுபிடித்தல், பிறகு அழைப்பை

"டம்ப் இமேஜஸ்" என்ற துணைக் கட்டளை ரீப்ளேயின் படங்களைக் கோப்புகளாகச் சேமித்துத் தரும். கால்ஸ் தெரிவில் ஃபிரேம் என்று கொடுத்தால் பிரேமுக்கு ஒரு படம். அவற்றைப் புரட்டி, ஓட்டை தெரியும் முதல் பிரேமைப் பிடியுங்கள். அப்புறம் அதே தெரிவில் டிரா என்று கொடுத்து, அந்த ஒரு பிரேமுக்குள் ஒவ்வொரு வரைதலுக்கும் ஒரு படம் எடுக்கலாம். தரை வரையப்பட்ட படத்திலேயே ஓட்டை இருப்பது தெரிகிறது. புகை இன்னும் வரையப்படவே இல்லை.

இப்போது கியூஏபிஐட்ரேஸ் என்ற வரைகலைப் பதிப்பில் கோப்பைத் திறங்கள். இடதுபுறம் பிரேம்களும் அழைப்புகளும் மரமாக விரியும். நீங்கள் வைத்த குழுப் பெயர்களும் அங்கே இருக்கும். தரையை வரைந்த அழைப்பின் மேல் வலது சொடுக்கு செய்து லுக்அப் ஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தால், பின்னணியில் கோப்பு அந்த அழைப்பு வரை ஓடி, அந்தக் கணத்தில் ஓபன்ஜிஎல்லின் முழு நிலையையும் காட்டும். டெப்த் டெஸ்ட் (எது முன்னால், எது பின்னால் என்று ஆழத்தை ஒப்பிடும் சோதனை), ஷேடர்கள், யூனிஃபார்ம்கள், டெக்ஸ்ச்சர்கள், பிரேம்பஃபரின் (படம் வரையப்படும் நினைவகம்) நிறம், ஆழம் எல்லாம்.

தரையின் நிலையைப் பார்க்கிறோம். டெப்த் டெஸ்ட் இயங்குகிறது. ஒப்பீடு "குறைவு அல்லது சமம்". ஆழம் எழுதும் அனுமதி திறந்திருக்கிறது. ஷேடர் சரி. எல்லாமே சரி! பலர் இந்த இடத்தில்தான் குழம்பிப்போய் கருவியை மூடிவிடுகிறார்கள். அழைப்பு நிரபராதி என்றால், அது பெற்றுக்கொண்டதைப் பார்க்க வேண்டும்.

ஆகவே தரைக்கு முந்தைய அழைப்புக்குப் போய், பிரேம்பஃபரின் ஆழப் படத்தைத் திறக்கிறோம். பிரேமின் தொடக்கத்தில், பழையதைத் துடைக்கும் ஜிஎல்கிளியர் நடந்திருக்கிறது. ஆழம் முழுக்க 1.0 (மிகத் தொலைவு), அதாவது ஒரே வெள்ளைப் பரப்பாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே தூண்களும் சுவர்களும் நிழலாகத் தெரிகின்றன. முந்தைய பிரேம்களின் ஆழம் அழியவே இல்லை.

ஜிஎல்கிளியரின் நிலையைப் பாருங்கள்: டெப்த் ரைட்மாஸ்க், ஃபால்ஸ் (ஆழம் எழுதும் அனுமதி மூடியிருக்கிறது). விஷயம் அங்கே இருக்கிறது. ஜிஎல்கிளியர் எதையும் மீறி அழிக்கும் அழைப்பு அல்ல. டெப்த் மாஸ்க், கலர் மாஸ்க், சிஸர் (வரைதலை ஒரு செவ்வகத்துக்குள் அடக்கும் அமைப்பு) மூன்றுக்கும் அது கட்டுப்பட்டது. மாஸ்க் மூடியிருந்தால் ஆழத்தை அழிக்காமல், பிழைக் குறியீடும் தராமல், பேசாமல் திரும்பிவிடும். அங்கிருந்து பின்னோக்கித் தேடினால் முந்தைய பிரேமின் "புகை" குழுவுக்குள் ஜிஎல்டெப்த்மாஸ்க் ஃபால்ஸ் என்று ஒரு அழைப்பு. அரைத் தெளிவான பொருள்களை வரையும்போது ஆழம் எழுதாமல் இருப்பது சரியான பழக்கம்தான், வரைந்து முடித்ததும் திறந்து வைக்க மறந்திருக்கிறார்கள்.

அறிகுறிகள் எல்லாம் இப்போது பொருந்துகின்றன. தரையும் சுவரும் தங்கள் முறை வரும்போது மாஸ்க்கைத் தாங்களே திறந்துகொள்கின்றன, ஆனால் அதற்குள் கிளியர் முடிந்துபோயிருக்கும். கேமரா அசையாவிட்டால் பழைய ஆழமும் புதிய ஆழமும் சமம், ஒப்பீடு தேறிவிடும். அசைந்தால், முன்பு அருகில் இருந்த தூணின் ஆழம் அங்கேயே தங்கி, பின்னால் உள்ள தரையைத் தடுக்கும். புகை நின்ற அடுத்த பிரேமில் மாஸ்க் திறந்தே இருப்பதால் கிளியர் வேலை செய்யத் தொடங்குகிறது.

இதே பிழை "அந்த போனில் வருகிறது, இந்த போனில் வரவில்லை" என்ற வேடத்திலும் வரும். நேராகத் திரையின் பிரேம்பஃபரில் வரைந்தால், ஈஜிஎல் விதிப்படி, வரைந்ததைத் திரையில் காட்டப் பஃபர்களை மாற்றிய பிறகு ஆழப் பஃபரில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில டிரைவர்கள் பழையதை வைத்திருக்கும், சில தூக்கி எறிந்துவிடும். நம் நிரல் தன் சொந்தப் பிரேம்பஃபர் ஆப்ஜெக்டில் வரைந்ததால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்தது.

5. திருத்தத்தைக் கோப்பிலேயே சோதித்தல்

மூலநிரலைத் தொடுவதற்கு முன்பே முடிவை உறுதி செய்யலாம். கியூஏபிஐட்ரேஸில் அழைப்பின் அளபுருவைத் திருத்த முடியும். புகைக் குழுவில் உள்ள அந்த ஃபால்ஸை ட்ரூ ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். புகையின் தோற்றம் கொஞ்சம் மாறும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். ஓட்டைகள் மறைந்தால் காரணம் உறுதி. உங்களுடையது அல்லாத மூடிய நூலகம் ஒன்று நிலையைக் கலைத்துவிட்டுப் போகும்போது இந்த வசதியின் அருமை தெரியும்.

நேற்று வரை சரியாக இருந்து இன்று கெட்டுப்போன நிரலென்றால் இன்னொரு வழி உண்டு. நல்ல பதிப்பில் ஒரு ட்ரேஸ், கெட்ட பதிப்பில் ஒரு ட்ரேஸ். "டிஃப்" துணைக் கட்டளை அழைப்பு வாரியாக இரண்டையும் ஒப்பிடும், "டிஃப் ஸ்டேட்" நிலைகளை ஒப்பிடும். ஒரே உள்ளீடு, நிலையான நேர அளவு, நிலையான ரேண்டம் விதை இருந்தால்தான் இது உருப்படியாக வேலை செய்யும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் வித்தியாசம் என்றே வரும். நிரல் மாறாமல் டிரைவர் மாறியிருந்தால் ஒரே கோப்பை இரண்டு டிரைவர்களிலும் ஓட்டி, படங்களை "டிஃப் இமேஜஸ்" கொண்டு ஒப்பிடலாம். மெசாவைத் தாங்களே கட்டமைக்கிறவர்கள் இதை கிட் பைசெக்டோடு (மூலநிரலில் செய்த மாற்றங்களை, அதாவது கமிட்களை, பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் வசதி) இணைத்து, கெடுத்த கமிட்டைக் கணினியே கண்டுபிடிக்குமாறு விட்டுவிடலாம். அதற்கான ஸ்கிரிப்ட்கள் ஏபிஐட்ரேஸோடு வருகின்றன.

வேகம் குறைகிறது என்பதுதான் உங்கள் புகாரா? ரீப்ளேயில் பிஜிபியு, பிசிபியு தெரிவுகள் ஒவ்வொரு வரைதலும் எடுத்த நேரத்தைத் தரும். எந்த வரைதல் கனமானது என்று அறிய இது போதும். நிரலின் உண்மையான பிரேம் வேகம் இதுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரலின் சொந்தச் சிபியு வேலை எதுவும் இதில் இல்லை.

ஒரே பிரேம் போதுமென்றால் ரெண்டர்டாக்

தொடக்கம் முதல் எல்லாவற்றையும் பதிவது ஏபிஐட்ரேஸின் வழி. பால்டர் கார்ல்சன் உருவாக்கிய ரெண்டர்டாக் வேறு மாதிரி: நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எஃப்12 அழுத்தினால் ஒரே ஒரு பிரேமைப் பிடிக்கும், அந்தப் பிரேம் தொடங்கியபோது டெக்ஸ்ச்சர்களிலும் பஃபர்களிலும் இருந்ததையும் சேர்த்து. வல்கன், டைரக்ட்3டி 11, 12, ஓபன்ஜிஎல் எல்லாம் அதற்குத் தெரியும். ஓபன்ஜிஎல்லில் 3.2 முதலான கோர் ப்ரொஃபைல் (பழைய அழைப்புகளை நீக்கிய வடிவம்) மட்டும்தான். பழைய ஜிஎல்பிகின் காலத்து நிரல்களுக்கு ஏபிஐட்ரேஸே கதி.

பிரேமுக்குள் தோண்டுவதற்கு இதற்கு நிகர் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். டெக்ஸ்ச்சர் வியூவரில் ஒரு பிக்சலைச் சொடுக்கி பிக்சல் ஹிஸ்டரியைக் கேட்டால், அந்தப் பிரேமில் அந்தப் புள்ளியைத் தொட்ட ஒவ்வொரு வரைதலும் வரிசையாக வரும்: எது எழுதியது, எது டெப்த் டெஸ்டில் தோற்றது, எது சிஸரில் வெட்டுப்பட்டது. நம் ஓட்டையின் நடுவே சொடுக்கியிருந்தால், தரை டெப்த் டெஸ்டில் தோற்றிருப்பதும், கிளியருக்குப் பிறகும் ஆழம் மாறாமல் இருப்பதும் ஓரிரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வல்கனிலும் டைரக்ட்3டி 11இலும் ஷேடரை வரிவரியாக ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

திரையே இல்லாமல் கணக்குப் போடும் நிரல்களில் பிரேம் எங்கே முடிகிறது என்று கருவிக்குத் தெரியாது. அங்கே ரெண்டர்டாக் தரும் தலைப்புக் கோப்பைச் சேர்த்து, பிடிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் நிரலிலிருந்தே சொல்ல வேண்டும். முந்தைய பிரேம்களில் நடந்த கதை ரெண்டர்டாக்கில் கிடைக்காது. மாஸ்க் மூடியிருக்கிறது என்று சொல்லும், யார் மூடியது என்று சொல்லாது. புகை கடைசியாக வரையப்பட்டதால் நமக்கு ஊகிக்க எளிது. நூறு பிரேம்களுக்கு முன் நடந்த தப்பென்றால் முழுப் பதிவுதான் வேண்டும்.

வல்கன் நிரல்களின் முழுப் பதிவு

இதற்கு லூனார்ஜி நிறுவனத்தின் ஜிஎஃப்எக்ஸ்ரீகன்ஸ்ட்ரக்ட் கருவி. வல்கனில் லேயர்கள் (நிரலுக்கும் டிரைவருக்கும் நடுவே செருகும் அடுக்குகள்) என்ற ஏற்பாடு இருப்பதால், போலி நூலகத் தந்திரம் தேவையில்லை. பதியும் லேயரை இயக்கினால் போதும். எந்தப் பிரேம் முதல் எந்தப் பிரேம் வரை என்று சூழல் மாறியில் சொல்லலாம், அல்லது ஒரு விசையை அழுத்தும்போது தொடங்கச் சொல்லலாம். நடுவில் தொடங்கினால் அந்தக் கணத்தில் உயிரோடு இருக்கும் பொருள்களின் நிலையையும் சேர்த்தே எழுதிக்கொள்ளும்.

ஓபன்ஜிஎல்லை விட இங்கே ஒரு சங்கடம் அதிகம். வல்கன் நிரல் எந்த வகை நினைவகம் வேண்டும் என்பதைக் கணினியைப் பார்த்துத் தானே தேர்ந்தெடுக்கிறது. ஒரு நிறுவனத்தின் ஜிபியுவில் பதிந்ததை இன்னொரு நிறுவனத்தின் ஜிபியுவில் ஓட்டும்போது அந்தத் தேர்வு பொருந்தாமல் போகலாம். ரீப்ளேயில் நினைவக மொழிபெயர்ப்புக்கான எம் தெரிவில் ரீபைண்ட் என்று கொடுத்துப் பாருங்கள். அப்படியும் பதிந்த நீட்சி அங்கே இல்லையென்றால் ஓடாது. பதிவதற்கு முன், விதிமீறல்களைச் சொல்லும் வேலிடேஷன் லேயரை ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது, அது கத்துவதையெல்லாம் சரிசெய்த பிறகு பதியுங்கள். விதிமீறலோடு பதிந்த கோப்பு வேறு கணினியில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கோப்பை அடுத்தவருக்கு அனுப்பும்போது

பெரிய ட்ரேஸை அனுப்பும் முன் குறைக்க ஆசை வரும். "ட்ரிம்" துணைக் கட்டளையால் சில பிரேம்களை மட்டும் வெட்டி எடுக்கலாம், ஆனால் டெக்ஸ்ச்சரையும் ஷேடரையும் உருவாக்கிய அழைப்புகள் வெட்டிய பிரேம்களுக்கு முன்பே நடந்திருக்கும். அவை இல்லாமல் வெட்டிய துண்டு கறுப்புத் திரையாகத்தான் ஓடும். தேவையான முந்தைய அழைப்புகளையும் சேர்த்து வைக்க முயலும் ஜிஎல்ட்ரிம் என்ற நிரல் ஏபிஐட்ரேஸில் உண்டு. வெட்டியபின் கட்டாயம் ஒருமுறை ஓட்டி, பிழை இன்னும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டுவது ஒத்துவராவிட்டால் "ரீபேக்" கொண்டு இன்னும் இறுக்கமாகச் சுருக்கலாம்.

ட்ரேஸில் உங்கள் ஷேடர்களின் மூலம், டெக்ஸ்ச்சர்கள், மாடல்கள், திரையில் தெரிந்த எழுத்துகள் எல்லாம் அப்படியே இருக்கும். வெளிவராத விளையாட்டின் ட்ரேஸைப் பொது இடத்தில் போடுவது, விளையாட்டின் கலைப் பொருள்களையே போடுவதற்குச் சமம். உலாவியையோ மருத்துவப் படங்களைக் காட்டும் நிரலையோ பதிந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். போலித் தரவை வைத்து மறுபடி பதிந்து அனுப்புங்கள்.

புகாரில் எழுத வேண்டியவை: ஜிபியுவின் பெயர், டிரைவர் பதிப்பு, பதிந்த கருவியின் பதிப்பு, எந்த அழைப்பு எண்ணில் படம் கெடுகிறது, எல்எல்விஎம்பைப்பில் ஓட்டியபோது என்ன வந்தது. கெட்ட படமும் நல்ல படமும் ஒவ்வொன்று. மெசாவின் தானியங்கிச் சோதனைகளில் இத்தகைய பதிவுகளை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டி, கிடைக்கும் படத்தின் செக்சம்மை (பைட்களிலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) சரிபார்க்கிறார்கள். உங்கள் நிரலுக்கும் அதையே செய்யலாம்: பிழை வந்த காட்சியைத் திருத்தத்துக்குப் பிறகு மறுபடி பதிந்து, அதை எல்எல்விஎம்பைப்பில் ஓட்டி எடுத்த படத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு, டிரைவர் மாறும்போதெல்லாம் ஒப்பிடுங்கள். வெவ்வேறு ஜிபியுக்களில் மிதவைப் புள்ளிக் கணக்கு சற்று மாறுபடும் என்பதால் அங்கே செக்சம் ஒப்பீடு எடுபடாது, சிறு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஒப்பீடு வேண்டும்.